கம்ப்யூட்டருக்கு முன்னால் முழிக்கும் மாப்பிள்ளை

விருத்தாசலம்,
கார்த்திகை மாதம், 2009

அந்தமான் போர்ட் பிளேரில் வாழும் என் மரியாதைக்குரிய மச்சான் ராஜாங்கம் அவர்களுக்கு, தங்கள் தங்கை கனகாவைக் கட்டிய பழமலைநாதன் கைகூப்பி எழுதுவது. இங்கே யாவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. உடம்பைப் பொறுத்தவரை நலம்தான், மற்றதைக் கீழே எழுதியிருக்கிறேன். அங்கே தாங்களும் தங்கச்சி அன்புக்கரசியும் மருமகள் வெண்பாவும் கடல் காற்றில் சளி பிடிக்காமல் இருக்க எங்கள் ஊர் ஆழத்துப் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன். சென்ற ஆடியில் ஆள் மூலம் தாங்கள் அனுப்பிய சங்கு பத்திரமாக வந்து சேர்ந்தது. டிவி மேல் வைத்திருக்கிறோம். இதையெல்லாம் ஃபோனிலேயே பேசலாமே என்று தாங்கள் கேட்கலாம். ஃபோனில் நான் ஒரு பேச்சை ஆரம்பித்தால் தாங்கள் முடித்துவிடுகிறீர்கள், அதுவும் நான் முடிக்க நினைத்த மாதிரி இல்லை. கடிதம் என்றால் கடைசி வரை நான் மட்டும் பேசலாம் என்பதால் பேனாவை எடுத்திருக்கிறேன்.

விஷயம் என் மகள் பூர்ணிமா கல்யாணம். வேப்பூர் தனக்கோடி கொண்டுவந்த வரன். பையன் பெயர் அறிவழகன், வீடு திட்டக்குடி, வேலை பெங்களூரில் கம்ப்யூட்டர் சம்பந்தமாக என்று நான் ஃபோனில் சொன்ன உடனே தாங்கள் ஒரு போடு போட்டீர்கள். கம்ப்யூட்டர் என்றால் என்ன வேலை, அதைத் துடைக்கிறவனும் கம்ப்யூட்டர் வேலை என்றுதான் சொல்லிக்கொள்வான், இந்த வருஷம் பூரா பெங்களூரில் ஆளைக் குறைத்துக்கொண்டே இருக்கிறார்கள், பையன் செய்கிற வேலை என்னவென்று எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள், புரிந்தால்தான் சீர்த்தட்டைத் தூக்குவேன் என்றீர்கள். தாய்மாமன் சீர் வராமல் நம் வகையறாவில் ஒரு பெண்ணும் மணையில் உட்கார்ந்தது கிடையாது. ஆகவே நான் தங்களுக்குப் புரியவைத்தால் கல்யாணம், இல்லையென்றால் இல்லை என்று ஆகிவிட்டது. தங்கள் தங்கை அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை. தங்கள் பெயரைப் போட்டுக் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது எழுதிக் கட்டப் போவதாகவும் சொல்லியிருக்கிறாள். சாமி கேட்டால் நான் சாட்சி சொல்ல மாட்டேன் என்று தாங்கள் நம்பலாம்.

நானும் சும்மா இருக்கவில்லை. முதலில் தனக்கோடியைக் கேட்டேன். ஹைவேயில் மெஸ் வைத்திருக்கிறவர், அவருக்குத் தெரிந்தது, பையன் ஏ.சி. ரூமில் உட்கார்ந்திருக்கிறான் என்பது மட்டும். பிறகு பாலக்கரையில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறவரிடம் போய், ஜாதகத்தோட வந்த தாள்ல போட்டிருக்கு, பையன் ஏதோ ஃபர்ம்வேர் எழுதுறானாம், செக்யூர் பூட்டாம், அப்படீன்னா என்னாங்கன்னு கேட்டேன். அவர் ஒரு கம்ப்யூட்டரை அணைச்சுட்டுப் போட்டார். கருப்புத் திரையில வெள்ளை எழுத்து சரசரன்னு ஓடுச்சு. இதுக்கும் முன்னாடி நடக்குறதுங்க அதுன்னாரு. இதுக்கு முன்னாடி என்னா நடக்குதுன்னு பாக்கணும்னு திரும்ப அணைச்சுப் போடச் சொன்னேன். ஒண்ணும் தெரியல. இன்னொரு தடவ போடச் சொன்னேன். பக்கத்து கம்ப்யூட்டர போட்டா தெரியுமான்னு அதையும் அணைச்சேன். அதுல ஒரு பையன் வேலைக்கு மனு போட்டுக்கிட்டு இருந்திருக்கான், கடைசிப் பக்கத்துல. அப்புறம் நடந்தது எழுதுறதுக்கு இல்ல. அந்த சென்டர் பக்கம் நான் இப்ப போறதில்ல.

சரி, கேக்க வேண்டிய ஆளையே கேட்டுடலாம்னு பையனுக்கே ஃபோன் போட்டேன். அவரு அதிகம் பேசற ஆளு இல்ல மச்சான். கேட்டதுக்கு பதில், அதுக்கு மேல ஒரு சொட்டு கிடையாது. "மாமா, கம்ப்யூட்டர் முழிக்கிறதுக்கு முன்னால உள்ள ஒண்ணு முழிக்கும். அதுக்கு வேலை சொல்லிக் குடுக்கிறதுதான் என் வேலை"ன்னாரு. எனக்கு தூக்கிவாரிப் போட்டுது. நான் என்னமோ சுவிட்ச தட்டினா விளக்கு எரியிற மாதிரி கம்ப்யூட்டரும் எரியுதுன்னுல்ல நினைச்சுக்கிட்டு இருந்தேன். உள்ள ஒருத்தன் முன்னாலயே எழுந்து உக்காந்திருக்கான்னா அவன் யாரு, என்னா பண்றான், எப்ப தூங்குவான்? அன்னிக்கு எனக்கு சோறு எறங்கல. கனகா சர்க்கரைன்னு பயந்துட்டா.

பூர்ணிமாதான் எனக்குப் புரியவெச்சா. இவ படிச்சது சிவிலு, சிமெண்டு மணலு சமாச்சாரம். ஆனா அந்தப் பையன் வேலையப் பத்தி எதக் கேட்டாலும் மடமடன்னு சொல்றா. இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு எல்லாம் தெரியுது மச்சான், நம்ம மாதிரி இல்ல. அவ சொன்னத அப்படியே எழுதுறேன், நிதானமா படிங்க. கம்ப்யூட்டருக்குள்ள, செல்ஃபோனுக்குள்ள எல்லாத்துக்கும் மூளையா ஒரு சிப்பு இருக்குது, பிராசஸருன்னு பேரு. அந்த சிப்ப செய்யிறப்பவே அதுக்குள்ள ஒரு சின்ன புரோகிராம பதிச்சுடறாங்க. அத அழிக்க முடியாது, மாத்த முடியாது. கரண்டு வந்ததும் அது ஒண்ணு மட்டும்தான் முழிக்கும். முழிச்சதும் அடுத்ததா வரப்போற புரோகிராம நிறுத்தி, உன் முத்திரைய காட்டுன்னு கேக்கும். சரியான முத்திரையா இருந்தா, வா, இனி நீ பாத்துக்கன்னு விடும். அது அதுக்கு அடுத்தத நிறுத்தி முத்திரைய கேக்கும். இப்படி ஒருத்தர் ஒருத்தரா செக் பண்ணி விட்டு, கடைசியிலதான் நாம பாக்குற கம்ப்யூட்டரு எழுந்து வரும். நடுவுல எவனாவது திருட்டுப்பய கள்ள புரோகிராம நுழைச்சிருந்தா முத்திரை ஒத்துப்போகாது. அவ்வளவுதான், அங்கேயே நின்னுடும். கரண்டு இருக்கும், லைட்டு எரியும், ஆனா ஒரு அடி நகராது. இதுக்குத்தான் செக்யூர் பூட்டுன்னு பேராம்.

இதுல எனக்குப் பிடிச்ச இடம் ஒண்ணு இருக்குது. எந்த முத்திரை சரியானதுன்னு அந்த சிப்புக்கு எப்படித் தெரியும்னு கேட்டேன். சிப்புக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஃப்யூஸு வரிசையா இருக்குதாம். அதுல சிலத வேணும்னே எரிச்சு விடறாங்களாம். எது எரிஞ்சிருக்கு எது எரியலங்கிறதுதான் அடையாளம். நம்ம வூட்டு ஃப்யூஸு போனா கம்பிய மாத்திக்கலாம், அது எரிஞ்சது எரிஞ்சதுதான், பிரம்மாவே வந்தாலும் திரும்ப ஒட்ட வைக்க முடியாது. இந்த ஊர்ல இத்தன வருஷமா பீங்கான்ல ஃப்யூஸ் கேரியர் செஞ்சு சூளையில வேகவெச்சு வித்துக்கிட்டு இருக்கேன், எரிஞ்சு போறதுக்குன்னே ஒரு ஃப்யூஸு இருக்குதுன்னு எனக்கு எவனும் சொல்லல. வெந்த பீங்கான மறுபடி களிமண்ணாக்க முடியாதுல்ல, அதே கதைதான்னு பூர்ணிமா சொன்னா. அப்பத்தான் எனக்குப் பளிச்சுன்னு ஆச்சு.

எல்லாத்தையும் எழுப்பி விட்டுட்டு அந்த ஆளு தூங்கப் போயிடுவானான்னும் கேட்டேன். போறதில்லையாம். அந்த வகையறாவுல ஒரு புரோகிராமு மட்டும் கடைசி வரைக்கும் அடியில முழிச்சுக்கிட்டே இருக்குமாம். சிப்பு சூடேறுதா, காத்தாடி வேகமா சுத்தணுமா, கரண்ட கொறைக்கணுமான்னு பாத்துக்கிட்டே இருக்கும். நாம மேல உக்காந்து படம் பாத்துக்கிட்டு இருப்போம், அடியில அது வேல பாக்குறது நமக்குத் தெரியவே தெரியாது. நம்ம சூளைகிட்ட நின்னு சூடு பாக்குற ஆளு மாதிரின்னு வெச்சுக்குங்க. மேல ஓடுற பெரிய புரோகிராமு கூட அதத் தொட முடியாதாம்.

அப்புறம் உங்க கேள்விக்கு வந்தேன். வேலை நிலைக்குமான்னு பையன்கிட்டயே கேட்டுட்டேன். "நான் சரியா செஞ்சா நான் செஞ்சதே யாருக்கும் தெரியாது மாமா, தப்பா செஞ்சாதான் ஊருக்கே தெரியும்"ன்னாரு. யாருக்கும் தெரியாத வேலைக்கு எவன் சம்பளம் குடுப்பான்னு நான் கனகாகிட்ட பொலம்பினேன். அவ, கல்யாணம் ஆனதுலேருந்து நான் அந்த வேலைதான் பாக்குறேன், எனக்கு சம்பளமும் இல்லன்னா. இதுக்கு என்னா பதில் சொல்றதுன்னு உங்க தங்கச்சியாச்சே, நீங்கதான் சொல்லணும்.

கடைசியா ஒரு கேள்வி கேட்டேன் மச்சான், அதுலதான் என் போதாத காலம் ஆரம்பிச்சுது. ரெண்டாவது ஆள மொத ஆளு செக் பண்றான், மூணாவது ஆள ரெண்டாவது ஆளு செக் பண்றான், சரி. மொத ஆள யாரு செக் பண்றதுன்னு கேட்டேன். பையன், யாரும் இல்ல மாமா, அத நம்பித்தான் ஆகணும், அதனாலதான் அத யாரும் தொட முடியாதபடி வெச்சிருக்கோம்னாரு. இது என் மண்டைக்குள்ள பூந்துக்கிச்சு. பஸ்ஸுல போனாலும் இதே நெனப்பு, பல்லு வெளக்குறப்பவும் இதே நெனப்பு.

இவ்வளவு நல்ல ஏற்பாட்ட கம்ப்யூட்டருக்கு மட்டும் வெச்சுக்கிறது அநியாயம்னு பட்டுது. நம்ம பீங்கான் யூனிட்டுல போன வருஷம் அச்சு காணாமப் போச்சு, ஜாடி காணாமப் போச்சு, உங்களுக்கே தெரியும். அதனால நானும் செக்யூர் பூட்டு போட்டேன். களிமண்ணுல வட்டமா வில்லை செஞ்சு, யூனிட் முத்திரைய குத்தி, சூளையில வேகவெச்சு, வேலை செய்யிறவங்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒண்ணு குடுத்தேன். வெந்துட்டதால யாரும் திருத்த முடியாது. கேட்டுல நிக்கிற வாட்ச்மேன் பக்கிரிய கூப்பிட்டு, இனிமே நீதான் மொத ஆளு, வில்லைய பாத்துத்தான் உள்ள விடணும், முகத்தப் பாத்து விடக் கூடாது, நானே வந்தாலும் வில்லை இல்லாம விட்டா சீட்டு கிழிஞ்சிடும்னு சொன்னேன். பக்கிரி என்னிக்கும் இவ்வளவு கவனமா என் பேச்சக் கேட்டது இல்ல.

மறுநாளே என் வில்லை வேற சட்டையில போயிடுச்சு. கேட்டுகிட்ட போனேன், பக்கிரி மறிச்சுட்டான். ஏம்பா, நான் யாருன்னு தெரியலையான்னேன். "நல்லாத் தெரியுதுங்க மொதலாளி. தெரிஞ்சா மட்டும் பத்தாதுன்னு நீங்கதானே சொன்னீங்க"ன்னு எழுந்து நின்னு மரியாதையா சொல்றான். திட்டவும் முடியல, பாராட்டவும் முடியல. வெயில்ல நின்னேன். உள்ள வேலை செய்யிற பொம்பளைங்க சன்னல்ல எட்டிப் பாத்து சிரிக்கிறது தெரியுது. கனகாவுக்கு ஃபோன் போட்டு, அவ ஆட்டோவுல வில்லையையும் சாப்பாட்டையும் கொண்டாந்தா. வில்லையோட நான் உள்ள போயிட்டேன், வில்லை இல்லாத கனகா சாப்பாட்டுத் தூக்கோட வெளியில நின்னுட்டா. மொதலாளியம்மாவுக்கு வில்லை செய்ய மறந்து போச்சு. பக்கிரி தூக்க வாங்கி, மூடியத் தொறந்து மோந்து பாத்து, சாம்பார்னு உறுதி பண்ணிக்கிட்டு உள்ள அனுப்பினான்.

இது வரைக்கும் சிரிப்புதான். அடுத்தது சிரிப்பு இல்ல. அந்த வாரத்துலயே ஒரு நாள், சாயந்திரம் வேலை முடியிற நேரத்துக்கு பக்கிரி நெஞ்ச நிமித்திக்கிட்டு வந்து, இன்னிக்கு ஒரு ஆள திருப்பி அனுப்பிட்டேங்கன்னான். வெள்ள வேட்டி, வெள்ள சட்டை, கையில பழப்பை, பேரு மதிவாணன்னு சொன்னாரு, எந்தப் பேர வேணும்னாலும் எவனும் சொல்லலாம்லங்கன்னு என்கிட்டயே கேக்குறான். மதிவாணன்தான், மச்சான், மாப்பிள்ளையோட அப்பா. நாம ஃபோன்ல மட்டும்தான் பேசியிருக்கோம், இன்னும் நேர்ல பாத்தது இல்ல. சொல்லாமக் கொள்ளாம நம்ம யூனிட்ட பாத்துட்டுப் போகலாம்னு மனுஷன் ஆசையா வந்திருக்காரு. அதுலயும் அவரு யாருன்னு நெனச்சீங்க, பஸ்ஸுல டிக்கெட் செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயரானவரு. ஆயுசு முழுக்க அடுத்தவன எழுப்பி டிக்கெட்ட காட்டுன்னு கேட்ட மனுஷன நம்ம பக்கிரி வெயில்ல நிறுத்தி வில்லைய காட்டுன்னு கேட்டிருக்கான். நான் இன்ஸ்பெக்டருப்பான்னு அவரு சொல்லிப் பாத்திருக்காரு. இவன், அப்ப உங்களுக்கே ரூலு தெரியுமேன்னிருக்கான்.

அன்னிக்கே தனக்கோடி ஃபோன்ல வந்தாரு. பையன் வூட்ல கொதிச்சுப் போயி இருக்காங்க, சம்பந்தியாகப் போறவர வாசல்ல நிறுத்தி வெச்சு அவமானப்படுத்தினா அது என்னா குடும்பம்னு கேக்குறாங்க, இனிமே நான் நடுவுல வர்றதுக்கு இல்லன்னாரு. கனகா அழுதா. பூர்ணிமா அழுவல, ஆனா அவ மொகத்த என்னால பாக்க முடியல. எனக்கும் உள்ளுக்குள்ள பதறிப் போச்சு மச்சான், நல்ல எடம் என் கோணப் புத்தியால கைவிட்டுப் போகுதேன்னு. மறுநாள் மொத பஸ்ஸ புடிச்சு வேப்பூர் போனேன்.

தனக்கோடி மெஸ்ஸுல கூட்டம். பஸ்ஸு ஒண்ணு வந்து நின்னு எல்லாரும் பரோட்டா கேட்டுக்கிட்டு இருந்தாங்க. நான் கை கழுவுற எடத்துல நின்னு கெஞ்சினேன். நீங்கதான் பேசி சரி பண்ணணும், அந்தக் குடும்பம் எப்படிப்பட்ட குடும்பம்னு உங்களுக்குத்தான் தெரியும்னேன். அவரு குருமாவ ஊத்திக்கிட்டே, எனக்கு எங்க தெரியும், நானும் அவங்கள ரெண்டு தடவதான் பாத்திருக்கேன், திட்டக்குடி உரக்கடை பாலகிருஷ்ணன் சொன்னாரு, அத நம்பி கொண்டாந்தேன்னாரு. எனக்கு சுருக்குன்னுது. கடைசியில இருக்குற ஆள நம்பி பொண்ணு குடுக்க இருந்தேனே, இவருக்கு முத்திரை போட்டது யாருன்னு பாக்கலியேன்னு தோணுச்சு. அங்கேருந்தே திட்டக்குடிக்கு பஸ்ஸு ஏறிட்டேன். மதிவாணன் பாத்துடுவாரோன்னு துண்டால முக்காடு போட்டுக்கிட்டு கடைக்குப் போனேன். கடைக்காரரு நான் ஏதோ கடன் கேக்க வந்திருக்கேன்னு உள்ள போயிட்டாரு. வெளிய வரவெச்சு விசாரிச்சா, அவங்க ரிட்டயரானதுக்கு அப்புறம் இங்க வூடு கட்டி குடி வந்தவங்க, எனக்கு அவ்வளவு பழக்கம் இல்ல, இங்க பக்கத்துல மங்களூர் பாஞ்சாலை அம்மா வெத வாங்க வந்தப்ப சொன்னாங்க, பெரிய மனுஷி பொய் சொல்லுமான்னு நானும் நாலு பேர்கிட்ட சொன்னேன்னாரு.

மங்களூர் பாஞ்சாலைன்னா வேற யாரு, எங்க பெரியப்பா மக, எனக்கு அக்கா. எனக்கு உசுரு திரும்பி வந்துச்சு. நம்ம அக்காவே சொல்லியிருந்தா அதுக்கு மேல என்னா வேணும், அதுதான் மொத ஆளுன்னு நெனச்சுக்கிட்டு மங்களூர் போனேன். அக்கா வாசல்ல மக்காச்சோளம் காய வெச்சுக்கிட்டு கோழிய வெரட்டிக்கிட்டு இருந்துது. யக்கா, திட்டக்குடி மதிவாணன் குடும்பத்த உனக்கு எப்படித் தெரியும்னு கேட்டேன். அக்கா கம்ப கீழ போட்டுட்டு என்ன ஏற எறங்கப் பாத்துச்சு.

"ஏண்டா பழமல, நீதானடா என் பேரன் காதுகுத்துல சொன்ன."

பந்தியில உக்காந்து பாயசத்துக்கு காத்துக்கிட்டு இருந்தப்ப, திட்டக்குடியில மதிவாணன்னு ஒருத்தரு இருக்காரு, அந்தக் குடும்பத்துக்கு கண்ண மூடிக்கிட்டு பொண்ணு குடுக்கலாம்னு நானே சொன்னேனாம். பக்கத்து எலையில இருந்தவங்க பேரெல்லாம் அக்கா சொல்லுது. நீ யாரையும் நல்லவங்கன்னு சொல்லி நான் கேட்டதில்ல, நீயே சொல்றியேன்னுதான்டா நான் நம்பினேன்னுது. எனக்கும் மங்கலா ஞாபகம் வந்துச்சு. சொல்லியிருக்கேன். ஆனா ஏன் சொன்னேன், யாரு சொல்லி சொன்னேன்னு சத்தியமா தெரியல மச்சான். அந்த மதிவாணன் கருப்பா செகப்பான்னு கூட எனக்குத் தெரியாது. அக்கா மோர் குடுத்துச்சு, குடிச்சுட்டு வந்துட்டேன்.

விருத்தாசலம் வர்ற வரைக்கும் பஸ்ஸுல யோசிச்சேன். தனக்கோடிய நான் நம்பினேன், தனக்கோடி பாலகிருஷ்ணன நம்பினாரு, பாலகிருஷ்ணன் அக்காவ நம்பினாரு, அக்கா என்ன நம்புச்சு. சுத்திச் சுத்தி என் வாசலுக்கே வந்து நிக்குது. எல்லாரும் முத்திரைய பாத்துத்தான் விட்டிருக்காங்க, ஆனா மொத முத்திரைய குத்தினவன் நானு, எனக்கு ஒண்ணும் தெரியாது. இப்படி ஒரு கம்ப்யூட்டர மாப்பிள்ளைகிட்ட குடுத்தா அவரே எழுப்ப மாட்டாரு. அதனால நான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன். பையன் நல்லவராவே இருக்கலாம், அவரு செய்யிற வேலை எனக்கு மனசார பிடிச்சிருக்குது, அதச் சொல்றதுல வெக்கம் இல்ல. ஆனா ஒருத்தருக்கும் நேரா தெரியாத எடத்துல, அதுவும் நாமளே வாசல்ல நிறுத்தி அவமானப்படுத்தின எடத்துல, ஒத்தப் பொண்ண குடுக்க எனக்கு தைரியம் இல்ல. இந்த சம்பந்தத்த இத்தோட விட்டுடலாம் மச்சான். மாப்பிள்ளை வேலைய உங்களுக்கு விளக்கமா எழுதிட்டேன், அந்த மாப்பிள்ளை நமக்கு வேணாம்னும் எழுதிட்டேன். நீங்க சொன்னதுதான் சரி, நான் ஒத்துக்குறேன்.

தங்கச்சி அன்புக்கரசிக்கு என் அன்பைச் சொல்லவும். மருமகள் வெண்பா நன்றாகப் படித்துத் தாய் தந்தை பேச்சைக் கேட்டு நடக்க என் ஆசிகள். பழமலைநாதர் அருளால் தங்கள் குடும்பத்தில் சகல காரியங்களும் முதல் படியிலேயே தடுக்காமல் நடக்கட்டும். கனகாவிடம் இந்த முடிவை இன்னும் சொல்லவில்லை. தாங்களும் ஃபோனில் அவசரப்பட்டுச் சொல்லிவிட வேண்டாம்.

இப்படிக்குத் தங்கள் சொல்லைத் தட்டாத,
பழமலைநாதன்

பின்குறிப்பு: கவர ஒட்டுறதுக்கு முன்னால எழுத்துப் பிழை பாத்துக் குடும்மான்னு பூர்ணிமாகிட்ட குடுத்தேன். படிச்சா. பிரவுசிங் சென்டர் வந்த எடத்துல சிரிச்சா, பக்கிரி சாம்பார மோந்த எடத்துல சிரிச்சா. கடைசிப் பக்கம் வந்ததும் சிரிப்பு நின்னு போச்சு. அப்புறம் சொன்னா, "அந்தக் காதுகுத்துக்கு பஸ்ஸுல போறப்ப நான்தாம்பா உங்ககிட்ட சொன்னேன். நீங்க தூங்கிக்கிட்டே ம்ம் கொட்டினீங்க." அறிவழகனும் இவளும் சிதம்பரத்துல ஒரே காலேஜு மச்சான். ஒரே காலேஜுன்னு தனக்கோடி மொத நாளே சொன்னாரு, அங்க ஊருப்பட்ட புள்ளைங்க படிக்குது, அதுல ஒண்ணுன்னு விட்டுட்டேன். பயந்து பயந்து அது நல்ல குடும்பம்னு இவ எனக்கு பஸ்ஸுல சொல்லியிருக்கா, நான் மங்களூர்ல முழிச்சு எறங்கினதும் அத என் சொந்த அறிவுன்னு நெனச்சு பந்தியில அவுத்து விட்டிருக்கேன். அது அக்கா வழியா, உரக்கடை வழியா, மெஸ்ஸு வழியா வரனா மாறி என் வாசலுக்கே வந்திருக்குது. இவளே எதிர்பாக்கலியாம். சாமியே நடத்தி வைக்குதுன்னு கம்முனு இருந்திருக்கா. உங்க தங்கச்சிக்கும் இது தெரியும். உங்க வூட்லயும் ஒருத்திக்குத் தெரியும், மருமக வெண்பாவ மெதுவா கேளுங்க, அடிக்காதீங்க.

இதுக்கு நடுவுல மதிவாணன் சாரே ஃபோன்ல வந்துட்டாரு. நான் மன்னிப்பு கேக்க வாயத் தொறந்தேன், அவரு விடல. பையன் பெங்களூர்லேருந்து அப்பாவுக்கு எல்லாத்தையும் சொல்லி, உங்கள நிறுத்தினாரே அந்த வாட்ச்மேனு, நான் சிப்புக்குள்ள செய்யிறது அதேதாம்பான்னு சொல்லியிருக்காரு. "எம்புள்ள என்னா வேலை பாக்குறான்னு இத்தன வருஷமா யாரு கேட்டாலும் முழிப்பேன் சம்பந்தி. இப்பதான் புரியுது. அவனும் செக்கிங் இன்ஸ்பெக்டர்தான்"னாரு. நான் மூச்சுவிடாம மேல எழுதினதெல்லாம் உங்களுக்குப் புரியலன்னா விட்டுடுங்க, இந்த ஒரு வார்த்தை போதும். பக்கிரிய வேலைய விட்டு எடுக்கக் கூடாதுன்னு வேற உத்தரவு போட்டிருக்காரு.

ஃபோன வெச்சதும் பூர்ணிமா அதே எடத்துல உக்காந்திருந்தா. "வேப்பூர் போனீங்க, திட்டக்குடி போனீங்க, மங்களூர் போனீங்க. என்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியேப்பா"ன்னா. கோவமா சொல்லல மச்சான். கோவமா சொல்லியிருந்தா கூட தாங்கியிருப்பேன். பக்கத்துல போயி உக்காந்து, உனக்கு பிடிச்சிருக்காம்மான்னு கேட்டேன். இத்தன அமளியிலயும் இந்த வூட்ல யாரும் அவகிட்ட கேக்காத கேள்வி அது. பிடிச்சிருக்குப்பான்னு சொல்லிட்டு அழுதா, நானும் அழுதேன், கனகா வந்து ரெண்டு பேரையும் திட்டினா. மேல வேணாம்னு எழுதினதக் கிழிச்சுப் போட்டுடுங்க. தையில கல்யாணம், கப்பலுக்கு டிக்கெட் போட்டுட்டு ஃபோன் பண்ணுங்க.